தாவீதை எந்த வழியில் படிப்பது? பெரியவர்கள் வேதவகுப்புக்கு நான்கு பாதைகள்

ஓய்வுநாள் பள்ளியில் நாம் பார்த்த தாவீது, கவணோடு நிற்கும் சிறுவன். பெரியவர்கள் வகுப்பில் சந்திக்க வேண்டிய ஆள் வேறு. தன் படைவீரன் உரியாவின் மனைவி பத்சேபாளை ஆளனுப்பி வரவழைத்தவன். அந்த வீரனின் மரண உத்தரவை அவன் கையிலேயே கொடுத்தனுப்பியவன். மகள் தாமார் கெடுக்கப்பட்டபோது கோபப்பட்டதோடு நிறுத்திக்கொண்டவன். அதே ஆள்தான், தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜா கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு முறை அகப்பட்டும் தொடாமல் விட்டவன். நாத்தான் முகத்துக்கு நேரே குற்றம் சாட்டியபோது தீர்க்கதரிசியின் தலையை எடுக்காமல் "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்" என்று சொன்னவனும் அவனே.

இந்த ராஜாவை வகுப்பில் எடுக்கலாம் என்று முடிவு செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் மாட்டிக்கொள்கிறார்கள்: எந்த வழியாக எடுப்பது? சாமுவேல் புத்தகங்களை வரிசையாக வாசிப்பதா, நாளாகமத்தோடு ஒப்பிடுவதா, சங்கீதங்களிலிருந்து தொடங்குவதா, தாவீதைச் சுற்றியிருந்த மனிதர்கள் வழியாகப் போவதா? நான்குமே நடைமுறையில் உள்ளவை. நான்கும் ஒரே தாவீதைக் காட்டுவதில்லை. அதனால் கைவசம் எத்தனை வாரம் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் போதாது.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, வருகை. பெரியவர்கள் வகுப்புக்கு விடாமல் வருகிறவர்கள் சிலரே. கல்யாணம், ஷிப்ட், பிள்ளைகளின் பரீட்சை என்று ஏதாவது குறுக்கே வரும். போன வாரம் வராதவருக்கும் இந்த வாரப் பாடம் புரிய வேண்டும்.

இரண்டாவது, தாவீதின் இரண்டு பக்கமும் வகுப்புக்குள் வருகிறதா என்பது. "என் இருதயத்துக்கு ஏற்றவன்" என்ற அப்போஸ்தலர் 13:22 மட்டும் பேசப்பட்டால் அது துதிபாடல். பத்சேபாள் சம்பவம் வரும் 2 சாமுவேல் 11 மட்டும் பேசப்பட்டால் அது குற்றப்பத்திரிகை.

மூன்றாவது, நடத்துகிறவரின் தயாரிப்பு. வேலைக்குப் போய்க்கொண்டே வகுப்பு எடுக்கும் ஒருவரால் வாரத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும் என்பதை ஒளிக்காமல் கணக்குப் போட வேண்டும்.

நான்காவது, எதிரே உட்கார்ந்திருப்பவர்கள். இந்தக் கதையில் பாலியல் வன்முறை இருக்கிறது, பிள்ளையைப் பறிகொடுத்த தாய் இருக்கிறாள், அதிகாரத்தில் இருப்பவன் செய்த அநியாயம் இருக்கிறது. வகுப்பில் யாருக்கு எது நேர்ந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. பாடம் அவர்கள் மேல் எப்படி விழும் என்று யோசித்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும்தான் நான் அதிக எடை கொடுப்பேன். வருகையையும் தயாரிப்பையும் ஏதாவது செய்து சமாளித்துவிடலாம்.

## சாமுவேல் புத்தகங்களை வரிசையாக வாசிப்பது

1 சாமுவேல் 16 முதல் 31 வரை, பிறகு 2 சாமுவேல் முழுவதும், கடைசியில் 1 இராஜாக்கள் 1, 2. மொத்தம் 42 அதிகாரங்கள். வாரம் ஒன்று என்றால் கிட்டத்தட்ட ஒரு வருஷம்.

இதன் பலம் பெரியது. தாவீது ஒரு மாலைவேளையில் திடீரென்று விழுந்தவன் அல்ல என்பது இப்படி வாசிக்கும்போதுதான் தெரியும். 1 சாமுவேல் 25-ல் நாபாலின் வீட்டு ஆண்களையெல்லாம் வெட்டிப்போடப் புறப்படுகிறான். நாபாலின் மனைவி அபிகாயில் குறுக்கே வந்து நிற்காவிட்டால் வெட்டியிருப்பான். 27-ம் அதிகாரத்தில் பெலிஸ்தனான ஆகீசிடம் அடைக்கலம் புகுந்துகொண்டு, ஊர்களைக் கொள்ளையிட்டு, சாட்சி சொல்ல ஒருவரையும் உயிரோடு விடாமல், ஆகீசிடம் வேறு கதை சொல்கிறான். 2 சாமுவேல் 8:2-ல் மோவாபியரை நூலால் அளந்து கொன்ற ஒரு வசனம் அமைதியாகக் கிடக்கிறது. பிரசங்கங்களில் இவை அவ்வளவாக வருவதில்லை. இவற்றைப் படித்துவிட்டு 11-ம் அதிகாரத்துக்கு வந்தால் "ஒரு சறுக்கல்தானே" என்று யாரும் எளிதில் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று, சவுலோடு ஒப்பீடு. இந்த வழியில் போவதென்றால் 1 சாமுவேல் 15-ஐயும் சேர்த்துத் தொடங்குவது நல்லது. அங்கே, அமலேக்கியரின் ஆடுமாடுகளை அழிக்கச் சொன்ன கட்டளையை மீறிய சவுலும் "பாவஞ்செய்தேன்" என்றுதான் சொல்கிறான். ஒருவன் தள்ளப்படுகிறான், மற்றவன் நிலைநிறுத்தப்படுகிறான். ஏன்? சவுல் ஜனங்கள்மேல் பழி போட்டான், தாவீது போடவில்லை என்பது வழக்கமான பதில். கொலையும் விபசாரமும் செய்தவனைவிட ஆடுமாடுகளைத் தப்பவிட்டவன் பெரிய பாவியா என்று வகுப்பில் ஒருவர் நிச்சயம் கேட்பார். கேட்கட்டும். அது நல்ல கேள்வி.

மறைந்திருக்கும் செலவு என்ன? 1 சாமுவேல் 16-ல் தொடங்கினால் 2 சாமுவேல் 11 வருவது 27-வது அதிகாரமாக. வாரம் ஒன்று என்று போனால் அரை வருஷத்துக்குப் பிறகு. அதற்குள் கிறிஸ்துமஸ் அல்லது ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம் குறுக்கிடும், வகுப்பு நிற்கும். நின்ற வகுப்பு திரும்பத் தொடங்கும்போது பாதிப்பேர் இருக்க மாட்டார்கள். விளைவாக வகுப்பு கோலியாத்தையும் யோனத்தானையும் நன்றாகப் படித்து முடித்திருக்கும். சிக்கலான தாவீதைத் தொட்டே இருக்காது. ஓய்வுநாள் பள்ளிப் பாடத்தையே பெரியவர்களுக்கு இன்னொரு முறை நடத்தியதாகிவிடும்.

வாரத்துக்கு இரண்டு மூன்று அதிகாரம் எடுக்கலாம் என்றால், வகுப்புக்கு வருகிறவர்கள் வீட்டில் படித்துவிட்டு வர வேண்டும். படித்துவிட்டு வருவார்கள் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் பகுதியை அனுப்பினால் "ஆமென்" வரும், வாசிப்பு வராது. ஏற்கெனவே ஒன்றாக நெடுநாள் படித்துப் பழகிய சிறு குழுவுக்கு, அதுவும் வீட்டுக் கூடுகையாக நடப்பதற்கு, இதுதான் மிகச் சிறந்த வழி.

## சாமுவேலையும் நாளாகமத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது

1 நாளாகமம் 11 முதல் 29 வரை அதே தாவீதின் கதை இன்னொரு தரம் சொல்லப்படுகிறது. பத்சேபாள் சம்பவம் இல்லை. தாமார் இல்லை, 3:9-ல் பெயர் மட்டும் உண்டு. மகன் அப்சலோமின் கலகம் இல்லை. அதற்குப் பதிலாக ஆலயத்துக்கான ஏற்பாடுகள், லேவியர், பாடகர், காவலாளர் பட்டியல்கள்.

| விஷயம் | சாமுவேல் | நாளாகமம் |
|---|---|---|
| அம்மோனியரின் ரப்பா நகர முற்றுகை | பத்சேபாள், உரியா, நாத்தான் எல்லாம் இதன் நடுவே (2 சாமு 11–12) | முற்றுகையும் கிரீடமும் மட்டும் (1 நாளா 20:1–3) |
| ஜனத்தொகைக் கணக்குக்குத் தூண்டியது | கர்த்தருடைய கோபம் (2 சாமு 24:1) | சாத்தான் (1 நாளா 21:1) |
| பலிபீடம் கட்டத் தாவீது வாங்கிய களத்தின் விலை | களமும் மாடுகளும் 50 சேக்கல் வெள்ளி | அந்த நிலம் 600 சேக்கல் பொன் |
| கணக்கெடுத்ததற்குத் தண்டனையாகச் சொன்ன பஞ்சம் | 7 வருஷம் | 3 வருஷம் |

முதல் வரிசையைப் பாருங்கள். ராஜாக்கள் யுத்தத்துக்குப் போகும் காலத்தில் தாவீது எருசலேமில் இருந்துவிட்டான் என்ற வாக்கியத்தை நாளாகமம் விடாமல் வைத்திருக்கிறது. அடுத்து நடந்ததைத்தான் விட்டுவிட்டது. சாமுவேலைப் படித்தவர்களுக்கு அந்த இடைவெளி காதில் விழும்.

நாளாகமம் தாவீதுக்கு வெள்ளையடிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அது முழு உண்மை அல்ல. ஆலயம் கட்டத் தாவீதுக்கு ஏன் அனுமதி இல்லை என்பதற்கு, அவன் யுத்தங்களில் மூழ்கியிருந்தான் என்று 1 இராஜாக்கள் 5:3 மென்மையாகச் சொல்கிறது. நாளாகமமோ, நீ திரளான இரத்தத்தைச் சிந்தினாய் என்று கர்த்தர் சொன்னதாகத் தாவீதின் வாயாலேயே சொல்லவைக்கிறது (22:8, 28:3). 2 நாளாகமத்தின் கடைசி வசனங்களில் பெர்சிய ராஜா கோரேசின் கட்டளை வருவதால், இந்தப் புத்தகம் பாபிலோன் சிறையிருப்புக்குப் பிந்தியது என்பது தெளிவு. ராஜா போய்விட்டான், ஆலயம்தான் மிச்சம் என்ற நிலையில் இருந்த ஜனங்களுக்கு எழுதப்பட்டது. அவர்களுக்குத் தாவீதின் படுக்கையறையைவிட அவன் ஆலயத்துக்குச் சேர்த்துவைத்த பொன்னும் கேதுரு மரமும் முக்கியமாக இருந்தன.

இதில் ஒளிந்திருக்கும் செலவு, வகுப்பு தாவீதை விட்டுவிட்டு வேதாகமத்தைப் பற்றி வாதாடத் தொடங்கிவிடும் என்பது. 50-ஆ 600-ஆ என்று ஒருவர் கேட்பார். இப்படிக் கேட்பதே அவிசுவாசம் என்று இன்னொருவர் எழுந்திருப்பார். 50 சேக்கல் களத்துக்கும் மாடுகளுக்கும், 600 சேக்கல் சுற்றியுள்ள நிலம் முழுவதற்கும் என்று இசைவாக்கும் விளக்கம் உண்டு. இரண்டு ஆசிரியர்களும் வெவ்வேறு நோக்கத்தில் எழுதினார்கள் என்ற விளக்கமும் உண்டு. இரண்டையும் பதறாமல் எடுத்து வைக்கத் தெரிந்தவர் நடத்தினால் இது அருமையான வகுப்பு. ஆயர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. புதிதாக விசுவாசத்துக்குள் வந்தவர்கள் பாதிக்குமேல் இருக்கும் வகுப்பில் இதை முதல் வழியாக எடுக்க மாட்டேன். சாமுவேலைக் கேட்டே இராதவர்களுக்கு எது விடுபட்டிருக்கிறது என்றே தெரியாது.

## சங்கீதங்களின் வழியாக

தாவீதின் வாழ்க்கைச் சம்பவத்தைத் தலைப்பில் சொல்லும் சங்கீதங்கள் 13: 3, 7, 18, 34, 51, 52, 54, 56, 57, 59, 60, 63, 142. சம்பவத்தை வாசித்து, சங்கீதத்தை வாசித்து, பாடி, ஜெபித்து முடிக்கலாம். ஒவ்வொரு வாரமும் தனியே நிற்கும். தயாரிப்பும் குறைவு. வயதானவர்கள் 51-ஐ மனப்பாடமாகச் சொல்வார்கள். வகுப்புக்கு ஒரு ஆராதனைச் சூழல் தானாக வந்துவிடும்.

லெந்து காலத்து ஆறு வாரங்களுக்கு இதை மிஞ்ச வேறு வழி இல்லை. சிறை ஊழியம், குடியிலிருந்து மீள்கிறவர்களின் கூட்டம் போன்ற இடங்களிலும் இதுவே முதல் தேர்வு. குற்றவுணர்ச்சியில் நசுங்கிக் கிடப்பவருக்கு 51-ம் சங்கீதம் செய்வதை வேறெந்தப் பாடமும் செய்யாது.

ஆனால் இங்கே பேசுவது தாவீது மட்டும்தான். குற்றம் செய்தவனின் குரலை மட்டும் கேட்கிறோம். அதுவும் அழகான குரல், ஆகையால் நம்மை எளிதாக இழுத்துக்கொள்ளும். "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்று 51:4 சொல்கிறது. அப்படியானால் உரியா? பத்சேபாள்? எல்லாப் பாவமும் கடைசியில் தேவனுக்கு விரோதமானது என்ற விளக்கம் சரியானதே. ஆனால் வீட்டில் அடிவாங்கிக்கொண்டு, "ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்" என்ற வார்த்தையை மட்டும் கேட்டுப் பழகிய ஒரு பெண் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தால், அந்த விளக்கம் அவள் காதில் எப்படி விழும்? 51-ஐ எடுக்கும் வாரத்தில் 2 சாமுவேல் 12:7–12-ஐயும் கட்டாயம் வாசிக்க வேண்டும். "நீயே அந்த மனுஷன்" என்று சொன்ன நாத்தான், உரியாவைப் பட்டயத்தால் மடிவித்தாய் என்று பெயர் சொல்லியே குற்றம் சாட்டுகிறான்.

தலைப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை எப்போது சேர்க்கப்பட்டன என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. 34-ம் சங்கீதத் தலைப்பு அபிமெலேக்கு என்கிறது. 1 சாமுவேல் 21-ல் அந்த ராஜா ஆகீஸ். 51-ன் கடைசி இரண்டு வசனங்கள் எருசலேமின் மதில்கள் கட்டப்பட வேண்டும் என்று வேண்டுகின்றன. யாராவது கேட்டால் மழுப்பாமல் சொல்லிவிடுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடலாம்.

## தாவீதைச் சுற்றியிருந்தவர்கள் வழியாக

வாரம் ஒருவர். அவர் இருக்கும் பகுதிகளையெல்லாம் சேர்த்து வாசித்து, அவர் நின்ற இடத்திலிருந்து தாவீதைப் பார்ப்பது. என் தேர்வு இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாக.

சவுலின் மகளும் தாவீதின் முதல் மனைவியுமான மீகாளில் தொடங்கலாம். அவள் தாவீதை நேசித்தாள் என்று 1 சாமுவேல் 18:20 வெளிப்படையாகச் சொல்கிறது. அவன் அவளை நேசித்தான் என்று எங்கும் இல்லை. ஜன்னல் வழியாக அவனைத் தப்பவிட்டவள் அவள். அப்பா அவளை இன்னொருவனுக்குக் கொடுத்துவிடுகிறான். பல காலம் கழித்து அரசியல் பேரம் நடக்கும்போது தாவீது அவளைத் திரும்பக் கேட்கிறான். அந்தக் கணவன் அழுதுகொண்டே பின்னால் வருகிறான் (2 சாமுவேல் 3:16). 6-ம் அதிகாரத்தில் அவள் தாவீதை அவமதித்ததை மட்டும் வைத்துப் பிரசங்கம் செய்வோம். முழுவதையும் சேர்த்துப் படித்தபின் அந்தச் சண்டை வேறு மாதிரி தெரியும்.

தாவீதின் படைத்தலைவன் யோவாப் இன்னொரு வாரம். சவுலின் படைத்தலைவனாயிருந்த அப்னேரைக் கொன்றதற்காக அவனைத் தாவீது சபிக்கிறான், ஆனால் பதவியில் வைத்திருக்கிறான். உரியாவின் கடிதம் போவது அவனிடம்தான். ராஜாவுக்காக அழுக்கு வேலை செய்கிறவனை ராஜா கடைசியில் என்ன செய்கிறான் என்பதை 1 இராஜாக்கள் 2:5–6 சொல்கிறது. அரசாங்க வேலையில் இருக்கிறவர்களும் கம்பெனியில் மேலாளர்களாக இருக்கிறவர்களும் இந்த வாரம் நிறையப் பேசுவார்கள்.

சவுலின் பேரன் மேவிபோசேத்தும் அவனுடைய வேலைக்காரன் சீபாவும் சேர்ந்து ஒரு வாரம் (2 சாமுவேல் 9, 16:1–4, 19:24–30). இருவரில் யார் பொய் சொன்னது என்று வேதம் தீர்ப்புச் சொல்லவில்லை. தாவீதும் விசாரிக்காமல் நிலத்தைப் பாதியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டான்.

பத்சேபாளுக்கு ஒரு முழு வாரம். "அவள் ஏன் மொட்டை மாடியில் குளித்தாள்?" என்ற கேள்வி வராமல் இருக்காது. 2 சாமுவேல் 11:2-ஐத் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். மாடியில் உலாவியது தாவீது. அவள் எங்கே குளித்தாள் என்று வசனம் சொல்லவில்லை. ஐசுவரியவான் ஒருவன் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிக்கொள்ளும் நாத்தானின் உவமையில் அந்தக் குட்டிமேல் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் முழுவதும் ஐசுவரியவான் மேல். 11:3-ல் அவள் எலியாமின் மகள். 23:34-ல் எலியாம் என்ற பெயருடைய ஒருவன் அகித்தோப்பேலின் மகன். இருவரும் ஒரே எலியாம் என்றால், தாவீதை விட்டு அப்சலோமோடு சேர்ந்த ஆலோசனைக்காரன் அவளுடைய தாத்தா. வேதம் இதை நேராகச் சொல்லவில்லை, ஊகம்தான். ஊகம் என்று சொல்லியே பேசலாம். அப்புறம் 1 இராஜாக்கள் 1-ல் அவள் பேசும் விதத்தையும் வாசியுங்கள். 11-ம் அதிகாரத்தில் கர்ப்பச் செய்தி ஒன்றைத் தவிர வேறெதுவும் பேசாத பெண்தான் இவள்.

சவுலின் மறுமனையாட்டி ரிஸ்பாளை விட்டுவிடாதீர்கள் (2 சாமுவேல் 21:1–14). பஞ்சம் தீரச் சவுலின் சந்ததியில் ஏழு பேரைக் கிபியோனியரிடம் தாவீது ஒப்புக்கொடுக்கிறான். தூக்கிப்போடப்பட்டவர்களில் இருவர் அவளுடைய பிள்ளைகள். அறுப்புக் காலம் தொடங்கியதிலிருந்து மழை பெய்யும்வரை பகலில் பறவைகளையும் இரவில் மிருகங்களையும் அவள் பிணங்களிடம் அண்டவிடவில்லை. அதைக் கேள்விப்பட்டபின்தான் தாவீது எலும்புகளைச் சேர்த்து அடக்கம் செய்விக்கிறான். தேசத்துக்கான வேண்டுதல் கேட்கப்பட்டது என்று வசனம் சொல்வது அந்த அடக்கத்துக்குப் பிறகு, அந்த ஏழு பேர் செத்தவுடன் அல்ல. வகுப்பு இதைத் தானே கண்டுபிடிக்க விடுங்கள்.

அண்ணன் அம்னோனால் கெடுக்கப்பட்ட தாமாரின் வாரத்துக்கு (2 சாமுவேல் 13:1–22) மட்டும் தனி ஏற்பாடு வேண்டும். முந்தின வாரமே எந்தப் பகுதி என்று அறிவித்துவிடுங்கள். வராமல் இருக்க விரும்புகிறவர்களுக்கு அது வாய்ப்பு. ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிக்கும் வழக்கத்தை அன்று விட்டுவிட்டு, முன்கூட்டியே ஒத்துக்கொண்ட ஒருவர் வாசிக்கட்டும். ஒரு பெண்ணும் சேர்ந்து நடத்தட்டும். வகுப்பு முடிந்தபின் யாரிடம் போய்ப் பேசலாம் என்று சொல்லிவிடுங்கள். சபையில் இதையெல்லாம் வாசிக்கலாமா என்ற தயக்கம் பழையதுதான். தாவீது, அம்னோன் சம்பவங்களைப் பொதுவில் வாசிக்கவோ மொழிபெயர்க்கவோ வேண்டாம் என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவே சொல்லியிருக்கிறது. தாவீது பாவம் செய்தான் என்பவன் தவறுகிறான் என்று வாதாடும் ஒரு ரபியின் குரல், மிஷ்னாவை விளக்கும் தல்மூதில் உண்டு. இவ்வளவுக்கும் நடுவே அந்த அதிகாரங்கள் வேதாகமத்தில் இருக்கின்றன.

இந்த வழியின் செலவுகளையும் சொல்லிவிடுகிறேன். மீகாளைப் பற்றியும் ரிஸ்பாளைப் பற்றியும் வேதத்தில் இருப்பது சில வசனங்களே. மிச்சத்தை வகுப்பின் கற்பனை நிரப்பத் தொடங்கினால், சீரியல் கதை ஆகிவிடும், "இது வசனத்தில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொன்று, வாராவாரம் காயப்பட்டவர்களின் பக்கமே நின்றால் தாவீது வெறும் வில்லனாகிவிடுவான். அதைத் தடுக்க, சவுலின் மகனும் தாவீதின் நண்பனுமான யோனத்தானுக்கு ஒரு வாரமும், என்கேதிக் குகையில் சவுலைத் தப்பவிட்டதற்கு (1 சாமுவேல் 24) ஒரு வாரமும், தாவீதின் வம்சம் நிலைக்கும் என்ற 2 சாமுவேல் 7-ன் வாக்குத்தத்தத்துக்கு ஒரு வாரமும் தொடக்கத்திலேயே வைத்துவிட வேண்டும். ஒன்பது பத்து வாரம் ஆகும். தயாரிப்பும் அதிகம், ஏனென்றால் பகுதிகள் சிதறிக் கிடக்கின்றன.

## தொல்லியல் எங்கே?

"தாவீது என்று ஒருவர் இருந்தாரா?" என்று யூடியூப் பார்த்துவிட்டு யாராவது வருவார். 1993-ல் வட இஸ்ரவேலின் தேல் தாணில் கிடைத்த அரமேயிக் கல்வெட்டில் "தாவீதின் வீடு" என்ற சொல் இருப்பதாகப் பெரும்பாலான ஆய்வாளர்கள் வாசிக்கிறார்கள். அது கி.மு. 9-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தாவீதின் பெயரால் ஒரு அரச வம்சம் அறியப்பட்டிருந்தது என்பதற்கு அது சான்று; உரியாவுக்கும் கோலியாத்துக்கும் சான்றல்ல. இதற்குப் பத்து நிமிஷம் போதும், வகுப்பையே இதன்மேல் கட்ட வேண்டியதில்லை.

## எந்த வகுப்புக்கு எது

ஆணும் பெண்ணும் கலந்த, வருகை ஏறி இறங்கும் வழக்கமான சபை வகுப்புக்கு நான்காவது வழி. லெந்து காலத்துக்கும் மனம் நொந்தவர்கள் கூடும் இடத்துக்கும் சங்கீதம், நாத்தானையும் கூட வைத்துக்கொண்டு. வருஷக்கணக்கில் ஒன்றாகப் படித்தவர்களுக்கு வரிசை வாசிப்பு. அந்த வாசிப்பை முடித்த பிறகு, அல்லது இறையியல் படித்த ஒருவர் நடத்தக் கிடைக்கும்போது, நாளாகமம்.

தொடர் வகுப்புக்கே வழியில்லை, ஒரே ஒரு ஞாயிறுதான் கொடுத்திருக்கிறார்கள் என்றால், கோலியாத்தின் பக்கம் போகாதீர்கள். 2 சாமுவேல் 11:1 முதல் 12:14 வரை நிறுத்தாமல் உரக்க வாசிக்கவே நல்ல நேரம் பிடிக்கும். வாசித்து முடித்ததும் விளக்கம் சொல்லத் தொடங்க வேண்டாம். இந்த அதிகாரங்களில் என்ன நடக்கிறது என்று தெரிந்தும் சும்மா இருந்தவர்கள் யார் யார் என்று பட்டியல் போடச் சொல்லுங்கள். முதலில் யோவாப் பெயர் வரும். பத்சேபாளை அழைத்துவரப் போன ஆட்களைக் கொஞ்ச நேரம் கழித்து யாராவது சொல்வார்கள்.